வால் நீட்டிய லாரி

1927 நவம்பர் 14, திங்கட்கிழமை. விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு, வழக்கம்போல் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். மாடுகளின் கழுத்தையும் குளம்புகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சுகளுக்கு எண்ணெய் விடச் சொன்னேன். தெலுக் கும்பார் மளிகைக் கடைக்கு அரிசி ஏற்றிய இரண்டு வண்டிகள் நாலு மணிக்கே போய்விட்டன. மழை விட்டிருந்தது. கோப்பியும் இரண்டு ரொட்டியுமாகப் பசியாறினேன். அதன் பிறகுதான் லாரியைப் பார்க்கப் போனேன். அதைக் கடைசியாகப் பார்ப்பது என் வழக்கம், ஏனென்றால் அதைச் சுற்றி அந்நேரத்தில் எப்போதும் முட்டாள்தனமாக ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

அன்றைய நாளை இப்போது எழுதக் காரணம் எங்கள் அண்ணன். எங்கள் போக்குவரத்து நிறுவனத்தின் வரலாற்றை அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதி, புத்தாண்டு நாட்காட்டியின் பின்னால் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அச்சுப் பிழை பார்க்க என்னிடம் வந்தது. பிழை பார்த்தேன். அச்சில் இரண்டே பிழைகள். மற்றவை எல்லாம் அண்ணனுடையவை.

எங்கள் தகப்பனார் நறுமணச் சரக்குகளைச் சுமந்து தொழிலைத் தொடங்கினாராம். அவர் முதல் மூன்று வருடம் சுமந்தது வெள்ளைக்காரர்களின் குதிரை லாயத்துச் சாணம். அதை லாயத்திலிருந்து காய்கறித் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். மணம் இருந்தது உண்மைதான். ஒற்றை மாட்டு வண்டியோடு அந்த வேலையைச் செய்து, பிறகு துறைமுகத்துக்கும் கிட்டங்கிகளுக்கும் இடையே மூட்டை சுமந்து, கடைசியில் பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டங்களின் சரக்கை நகரத்துக்குக் கொண்டுவரும் வேலையைப் பிடித்தார். சாணத்தில் கேவலம் எதுவும் இல்லை. அதை ஏலக்காய் என்று எழுதுவதில்தான் கேவலம்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘மலைச்சாலைக்கு ஏற்ற குட்டை வால் லாரியைத் தீவிலேயே முதலில் வடிவமைத்தது எங்கள் நிறுவனம்.’ அந்த வடிவமைப்பு எப்படி நடந்தது என்பதை யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

லாரி எங்களுக்கு வந்தது அந்த வருடம் ஆவணியில். வந்தது என்றால், எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும்தான் வந்தன. மேலே மரக்கூடு இங்கேதான் கட்ட வேண்டும். சீனத் தச்சர் அடிச்சட்டத்தை அளந்து, இவ்வளவு நீளம் போதும் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அண்ணன் அந்தக் கோட்டைத் தாண்டி மூன்று அடி நடந்து, காலால் வேறொரு கோடு கிழித்தார்.

“இதுவரைக்கும் கட்டுங்க. நம்ம வண்டியிலெல்லாம் பின்னாடி வால் இருக்குல்ல? கூட பத்து மூட்டை ஏறும்.”

தச்சர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தன் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். லாரி வாங்கியதிலிருந்து அவர் தொப்பி போட ஆரம்பித்திருந்தார். மாட்டு வண்டி முதலாளிக்கு வெயில் படலாம், லாரி முதலாளிக்குப் படக்கூடாது போலிருக்கிறது.

ஓட்டுநர் அண்ணியின் தம்பி. தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு வெட்டவெளியில், மூன்று வாரம், ஒரு மூட்டைகூட ஏற்றாத லாரியை ஓட்டிப் பழகி ஓட்டுநரானவர். கண்ணுக்குத் தூசிக் கண்ணாடி, விரலில் கல்வைத்த மோதிரம். வண்டியை நிறுத்துவதில் மட்டும் அவருக்கு நல்ல தேர்ச்சி. எங்கே கோப்பிக் கடை தெரிந்தாலும் அழகாக நிறுத்துவார்.

மூன்றாவது ஆள் எங்கள் சித்தப்பா. அவரைப் பற்றி நான் நியாயமாகவே எழுதுகிறேன். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதில் அவருக்கு நிகராக ஒருவரை நான் பார்த்ததில்லை. பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் மேட்டில் ஏறும்போது ஒன்றிரண்டு மூட்டையை முன்னால் தள்ளி முன்பாரம் வைப்பார்கள். இறக்கத்தில் பின்னால் நகர்த்திப் பின்பாரம் வைப்பார்கள். சித்தப்பா வண்டியின் பக்கத்தில் நடந்துகொண்டே, மாட்டின் கழுத்தை ஒரு பார்வை பார்த்து, எந்த மூட்டையை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் மாட்டுக்குச் சரி.

லாரி வந்த அன்று அவர் அதைச் சுற்றி வந்தார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன் விளக்கில் ஒரு கழுத்துமணியைக் கட்டினார். அப்போது அண்ணனின் மைத்துனரான அந்த ஓட்டுநர் எஞ்சினின் மூக்கைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“தண்ணி குடிக்குது பாத்தியா!”

அந்த நிமிடத்தோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்தது. தண்ணீர் குடிக்கிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது, தூரம் ஓடினால் உடம்பு சுடுகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? பகலில் அதை வெயிலில் நிறுத்த விடமாட்டார். வெகுதூரம் போய்வந்தால் மறுநாள் ஓய்வு கொடுக்கச் சொல்வார். அண்ணன் அதையும் கேட்டு, லாரிக்கு ஓய்வு கொடுத்தார். ஓய்வு நாளில் வேலையெல்லாம் மாடுகள் செய்தன.

அந்தத் திங்கட்கிழமை ஓய்வு நாள் அல்ல. பாலிக் புலாவ் தவுக்கே, அங்கே தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, எங்களுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். இருபது வருடமாக அவருடைய ஜாதிக்காயையும் கிராம்பையும் எங்கள் மாடுகள்தான் இழுத்து வந்தன. இப்போது நகரத்தில் இன்னொரு லாரிக் கம்பெனி அவரைச் சுற்றிவந்தது. எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: அறுபது மூட்டை, ஒரே நாளில், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் துறையில் நிற்கும் தோங்காங் படகில் ஏற வேண்டும். ஏறினால் இனி எல்லாச் சரக்கும் எங்களுக்கு. ஏறாவிட்டால் அந்த இன்னொரு கம்பெனிக்கு. பாலிக் புலாவ் சரக்கு போனால் எங்கள் கொட்டகையில் பாதி மாட்டுக்கும் பாதி ஆளுக்கும் வேலை இல்லை. இது அண்ணனுக்கும் தெரியும், தொப்பிக்கு அடியில் எங்கோ.

காலையில் லாரி நன்றாகத்தான் போனது. வெறும் வண்டி எதற்குப் போகாது? முன்னால் மைத்துனரும் அண்ணனும். பின்னால் மரக்கூட்டில் நானும் சித்தப்பாவும் சுமையாட்கள் நாலு பேரும். தவுக்கேயின் களத்தில் அறுபது மூட்டையும் ஏற்றினோம். பத்து மூட்டை அந்த நீட்டிய வாலில் உட்கார்ந்தன. அண்ணன் வாலைத் தட்டிக் கொடுத்தார்.

“பாத்தியா தம்பி? நான் அன்னிக்கே சொன்னேன்ல.”

மலையேற்றம் தொடங்கும் இடத்தில் சித்தப்பா கூரைப் பலகையைத் தட்டி லாரியை நிறுத்தினார். மேடு வருகிறது, முன்பாரம் வேண்டும் என்றார். மூட்டைகளை முன்னால் தள்ளினோம். லாரி ஏறியது. அதற்குக் காரணம் தன்னுடைய முன்பாரம்தான் என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இருக்கலாம். மேட்டில் அந்த முறை லாரிக்கும் ஒத்துப்போயிற்று. ஒருமுறை ஒத்துப்போனது எப்போதும் ஒத்துப்போகும் என்று நம்புவது எங்கள் குடும்பத்துக் குணம்.

உச்சியில் மறுபடியும் நிறுத்தினார். இனி தெலுக் கும்பார் வரை இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. மழை பெய்து சாலை ஈரமாக இருந்தது.

“இறக்கம்டா. பின்பாரம் போடுங்க. வால்ல அடுக்குங்க.”

“சித்தப்பா, இது மாடு இல்ல. இரும்புக்குக் கழுத்து கிடையாது” என்றேன்.

“கழுத்து இல்லேன்னா தண்ணி எது வழியா எறங்குது?”

சுமையாட்கள் சிரித்தார்கள்.  முன் இருக்கையிலிருந்து அண்ணன் தலையை நீட்டினார்.

“என்னலா அங்க சத்தம்? சித்தப்பா சொன்னாச் செய்யுங்க. நாப்பது வருஷமா பாரம் ஏத்துறவரு.”

“நாப்பது வருஷமா மாட்டுல ஏத்துறாரு அண்ணே. வளைவுல திருப்புறது முன்சக்கரம். முன்னால கனம் இல்லேன்னா அது எப்படித் திரும்பும்?”

“நீ கொட்டகைய மட்டும் பாரு தம்பி. மோட்டார் கெரெத்தா விஷயம் ஒனக்கு வேணாம்.”

மைத்துனர் சாலையோரம் குந்தி சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.  பாரம் ஏற்றிய லாரியை இறக்கத்தில் ஓட்டிய அனுபவம் அவருக்கும் அன்றுதான் முதல். முன்னால் இருந்த மூட்டைகளை எல்லாம் தூக்கி வாலில் மூன்று அடுக்காக அடுக்கினோம். நானும் தூக்கினேன். வேலை என்று வந்தால் அதை ஒழுங்காகச் செய்துவிடுவேன், அது எவ்வளவு மடத்தனமானதாக இருந்தாலும்.

முதல் வளைவில் லாரி கொஞ்சம் தயங்கித் திரும்பியது. விளக்கில் கட்டிய மணி குலுங்கியது. முன்னாலிருந்து மைத்துனரின் குரல் கேட்டது: “மச்சான், திருப்புறதுக்கு ரொம்ப லேசா இருக்கு. நல்ல வண்டி லா!” அண்ணன் பெருமையோடு ஆரனை அழுத்தினார்.

இரண்டாவது வளைவில் மைத்துனர் திருப்பினார். சக்கரம் திரும்பியது, லாரி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் ஈரச் சாலையைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு நேராகப் போயின. மலைப்பக்கம் போனது எங்கள் அதிர்ஷ்டம். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் நாட்காட்டியில் வரலாறு எழுத ஆள் இருந்திருக்காது. லாரி மலையோரச் சாக்கடையில் இறங்கி மண்மேட்டில் மூக்கை ஏற்றிக்கொண்டு நின்றது. வால் தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் ஆகாயத்தில். சாராயம் குடித்தவன் படிக்கட்டில் சாய்ந்து கிடப்பது போல இருந்தது.

யாருக்கும் அடி இல்லை. அண்ணனின் தொப்பி மட்டும் பள்ளத்தில் உருண்டு போயிற்று. சித்தப்பா கீழே இறங்கி, லாரியின் முன்னால் போய், கழுத்து இருக்க வேண்டிய இடத்தை உற்றுப் பார்த்தார்.

“பின்பாரம் ஒரு மூட்டை கூடிப்போச்சு” என்றார்.

ஒரு மூட்டை!

காலையில் அனுப்பிய எங்கள் வண்டிகள் இரண்டும் அந்நேரம் தெலுக் கும்பாரில் அரிசியை இறக்கியிருக்கும். ஒரு சுமையாளை ஓடவிட்டேன். பகல் உச்சிக்கு முன்பே வண்டிகள் காலியாக மேலே வந்துவிட்டன. முன்வண்டியை ஓட்டியவர் எங்களிடம் தகப்பனார் காலத்திலிருந்து இருப்பவர். வாயில் வெற்றிலையோடு லாரியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“என்ன மொதலாளி, புது மாடு படுத்துக்கிச்சா? வைக்கோல் போட்டுப் பாத்தீங்களா?”

“வாய மூடிட்டு மாட்ட அவுத்து விடு” என்றார் அண்ணன்.

“எதுக்கு அவுக்கணும்?” என்று நான் குறுக்கே போனேன். “அண்ணே, மூட்டைய வண்டியில மாத்துவோம். வண்டிக்கு இருபது ஏறும். நாப்பது மூட்டை இப்பவே கெளம்பினா விளக்கு வைக்கிறதுக்குள்ள தொறைக்குப் போயிரும். மிச்சம் இருபதுக்குக் கீழ கம்பத்து ஊருல வண்டி கேப்போம். லாரி இங்கயே கெடக்கட்டும். யாரும் தூக்கிட்டுப் போகமாட்டான்.”

கணக்குச் சரியாக இருந்தது. அண்ணனும் ஒரு கணம் யோசித்தார் என்றே நினைக்கிறேன். அப்போது வளைவில் ஒரு பேருந்து வந்தது. எங்களைத் தாண்டும்போது மெதுவாகி, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சன்னல் பக்கம் வந்து, லாரியின் பக்கவாட்டில் ஒரு முழ உயர எழுத்துகளில் எழுதியிருந்த எங்கள் கம்பெனிப் பெயரை நிதானமாகப் படித்தார்கள். ஒருவர் சத்தமாகப் படித்தார்.

அதோடு மூட்டைகளின் கதை முடிந்தது.

“மொதல்ல லாரி” என்றார் அண்ணன். “நம்ம பேரு சாக்கடையில கெடக்குது, ஒனக்கு மூட்டையா பெருசு?”

“மூட்டைக்குத்தான் அண்ணே தவுக்கே நம்மளக் கூப்பிட்டாரு.”

“தொறைக்கு லாரியில வர்றேன்னு சொல்லிருக்கேன். லாரியிலதான் போகும்.”

ஆக, வண்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஜோடி மாட்டையும் சங்கிலி போட்டு லாரியில் பூட்டினோம். மூட்டைகளை இறக்கி, லாரியைச் சாக்கடையிலிருந்து இழுத்தெடுத்து, மறுபடி மூட்டைகளை ஏற்றினோம். மைத்துனர் எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். அது இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. தண்ணீர் குடிக்கும் மூக்கு நசுங்கி, குடித்ததை எல்லாம் சாலையில் விட்டிருந்தது. எனவே அறுபது மூட்டையும் லாரியும் அண்ணனும் மைத்துனரும் சேர்ந்து நாலு மாட்டின் பொறுப்பாயினர். அண்ணன் கீழே இறங்கி நடக்கவில்லை. லாரி முதலாளி லாரியில்தான் வரவேண்டும் என்று முன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆடு குறுக்கே வந்தால் ஆரன் அடித்தார். மாடுகள் ஒவ்வொரு ஆரனுக்கும் மிரண்டு நின்றன. நின்ற மாட்டை மறுபடி கிளப்ப ஒவ்வொரு முறையும் வண்டிக்காரர் கெஞ்சினார்.

“மொதலாளி, அத அமுக்காம வாங்கலா. புண்ணியமாப் போகும்.”

தெலுக் கும்பார் கம்பத்து மலாய்க்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் நின்றிருக்காது. சித்தப்பா மட்டும் லாரியின் பக்கத்தில் சந்தோஷமாக நடந்து வந்தார். கடைசியில் அவருக்குப் பார்க்க உண்மையான கழுத்துகள் கிடைத்துவிட்டன.

பாயான் லெப்பாஸ் தாண்டி, வெயில் சாயும் நேரத்தில், எதிரே தவுக்கேயின் கார் வந்தது. சரக்கைக் காணோம் என்று அவரே துறையிலிருந்து தேடிவந்திருந்தார். காரை நிறுத்தி, குடையை ஊன்றி இறங்கினார். மாடுகளைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். முன் இருக்கையில் தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வண்டிக்காரர்களோடு இருபது வருடம் பழகியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

“மூட்டை என்து” என்றார். “லாரி உன்து. நீ எது இழுக்கிறே?”

அண்ணன் இறங்கி, சாலையின் ஈரம், வளைவுகளின் மோசம், அரசாங்கத்தின் அலட்சியம் என்று வரிசையாகச் சொன்னார். தவுக்கே கேட்டுக்கொண்டே லாரியின் பின்பக்கம் போனார். குடையின் நுனியால் அந்த நீட்டிய வாலைத் தட்டினார்.

“இனி அப்பா?” என்று மலாயில் கேட்டார். இது என்ன என்று.

“கூட பத்து மூட்டைக்கு, தவுக்கே” என்றார் அண்ணன்.

தவுக்கே என் பக்கம் திரும்பினார். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்ப்பேன், இருபது வருடம் இழுத்த மாடுகளுக்காக, என்றார். அன்றும் இதே கதை என்றால் சரக்கு அந்தக் கம்பெனிக்கு. இதை என்னிடம்தான் சொன்னார். அண்ணன் பக்கத்திலேயே நின்றார் என்பதையும் குறித்துவைக்கிறேன்.

நாங்கள் துறைக்குப் போனபோது தோங்காங் போய்விட்டிருந்தது. மூட்டைகளைக் கிட்டங்கியில் அடுக்கிவிட்டு, மாடுகளை அவிழ்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். லாரியைக் கொட்டகை வாசலில் விட்டோம்.

சாப்பாட்டின்போது விசாரணை நடந்தது. ஓட்டுநரின் பிழையா? அண்ணி பரிமாறிக்கொண்டிருந்ததால் அது இல்லை என்று ஆயிற்று. பாரம் ஏற்றியதில் பிழையா? சித்தப்பா எதிரே உட்கார்ந்திருந்ததால் அதுவும் இல்லை. கடைசியில் குற்றம் சாலையின் மேல் விழுந்தது. அது மட்டும்தான் சாப்பிட வரவில்லை.

“இன்னும் ஒண்ணு தோணுது” என்றார் அண்ணன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. “வால் பத்தல. இன்னும் ரெண்டடி நீட்டினா பாரம் நல்லாப் பரவி உக்காரும்.”

சித்தப்பா தலையாட்டினார். “முன்னால ஒரு மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டா நுகத்தடிக்கு நுகத்தடியும் ஆச்சு.”

மைத்துனர் இரண்டாவது முறை சோறு வாங்கினார்.

நான் கை கழுவிவிட்டு வந்து, அன்றைய நாளை வழக்கம்போல் நாட்குறிப்பில் எழுதினேன். எழுதி முடிக்கும்போது, அடுத்த திங்கட்கிழமைக்கு முன் இந்த வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்டு ஒன்றும் நடக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, மாடுகளைக்கூடப் பார்க்காமல், சீனத் தச்சரின் கடைக்குப் போய் அவரைக் கதவு தட்டி எழுப்பிக் கூட்டி வந்தேன். அவர் ஆவணியில் போட்ட சுண்ணக்கட்டிக் கோட்டின் இடத்தைக் காட்டினேன். எதுவும் கேட்காமல் ரம்பத்தை எடுத்தார். அண்ணன் தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்தபோது, மூன்று அடி வால் தரையில் கிடந்தது. நான் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.